பார்டு: தமிழில் பாணர்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி ஆடும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டை ஆடுபவர்களுக்கு ‘பார்டு’ என்றால் கையில் ஒரு நரம்புக் கருவி, வாயில் பாட்டு, சண்டையில் பின்வரிசை. அடிப்பதைவிட அடிப்பவருக்குத் துணை நிற்பதுதான் இவருடைய வேலை. அப்படிப்பட்ட துணைப் பாத்திரத்துக்கு எவ்வளவு மந்திரம் தரலாம் என்பதில் விதிநூலின் ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. சரியான பதிலுக்கு இந்தச் சொல்லின் வரலாறே வழிகாட்டுகிறது என்பது என் எண்ணம்.

சொல் கெல்ட்டிக் மொழிகளுக்கு உரியது. இன்றைய பிரான்ஸ் இருக்கும் கோல் நாட்டில் மதிப்புப் பெற்றிருந்த மூன்று கூட்டத்தாரைக் கிரேக்கரான ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். பாட்டுக் கட்டிப் பாடுபவர்கள் பார்டுகள். வேள்வியும் குறியும் வாட்டிகளின் வேலை. மூன்றாமவர் சமய அறிஞர்களான துருயிதுகள். ஆக, தொடக்கத்திலேயே பாட்டு ஒருவரிடமும் தெய்வ காரியம் இன்னொருவரிடமுமாகப் பிரிந்துதான் இருந்தது. சொல்லின் வேரை ‘புகழ்தல்’ என்ற பொருளோடு சேர்க்கிறார்கள் மொழியியலாளர்கள். அயர்லாந்தில் கற்றறிந்த புலவருக்கு ‘ஃபிலி’ என்று பெயர். பார்டு அவருக்குக் கீழ்ப்படி. ஸ்காட்லாந்தில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர் சுற்றும் பாட்டுக்காரரை இளக்காரமாகச் சொல்லவும் இதே சொல் பயன்பட்டது.

விளையாட்டுக்குள் பார்டு வந்தது 1976இல். 1978 விதிநூலில் பார்டு ஆவது லேசான காரியமில்லை: முதலில் போர்வீரர், அப்புறம் திருடர், அதன் பிறகே துருயிதுகளிடம் பாடம். 1989இல் துருயித மந்திரம் போய் மந்திரவாதியின் மந்திரம் வந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஆறாம் நிலை மந்திரம் வரைதான். அதற்கு மேல் பாட்டுதான் பலம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த வரம்பும் போய், மந்திரவாதிக்குச் சமமாக ஒன்பதாம் நிலை வரை கிடைத்தது.

இந்தக் கடைசி மாற்றம் எனக்கு உவப்பில்லை. ஐந்தாம் பதிப்பின் மிக அழகான விதி பார்டு தரும் ஊக்கப் பகடை. எதிரியின் கவச எண் 17, வீச்சு அதை எட்டினால்தான் அடி படும். நண்பரின் வீச்சு மொத்தம் 14. அடி தவறப் போகிறது. முன்பே பார்டு கொடுத்து வைத்த ஆறுமுகப் பகடையை நண்பர் உருட்டுகிறார். 4 விழுந்தால் 18, அடி பட்டுவிடும். கைதட்டல் நண்பருக்கு, ஆனால் காரணம் யாரென்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். ‘விஷியஸ் மாக்கரி’ என்ற மந்திரமும் நல்ல விதிதான்: எதிரியை வசை பாடிக் குலைப்பது. வசை பாடினால் முகத்தில் கொப்புளம் எழும் என்ற பழைய ஐரிஷ் நம்பிக்கைக்கு அது பக்கத்தில் நிற்கிறது. ஆனால் 2014 விதிப்படி அதே பார்டு, பாத்திரம் பத்தாம் நிலைக்கு உயர்ந்ததும், எந்த கிளாஸிலிருந்தும் (பாத்திர வகையிலிருந்தும்) இரண்டு மந்திரங்களை எடுத்துக்கொள்ளலாம். தீப்பந்தை எடுத்து வீசத் தொடங்கினால் ஊக்கப் பகடை மறந்துபோகிறது, மந்திரவாதியாக ஆடுபவருக்கும் வேலை குறைகிறது. ஆறாம் நிலை மந்திரம் என்ற பழைய வரம்பே போதும். மந்திரமே இல்லாமலும் துணை செய்யலாம் என்பதற்கு நான்காம் பதிப்பின் ‘வார்லார்டு’ என்ற படைத்தலைவர் பாத்திரம் சாட்சி. அவர் வெறும் சொல்லால் தோழர்களைத் தேற்றி எழுப்புவார்.

தமிழில் ‘பாடகர்’ என்றால் கச்சேரிதான் நினைவுக்கு வரும். ‘புலவர்’ ஃபிலிக்குப் பொருந்தும். பார்டுக்குச் சரியான சொல் ‘பாணர்’. பண் இசைப்பவர், யாழோடு ஊர் ஊராகப் போகிறவர், கொடுத்தவரைப் புகழ்ந்து பாடுகிறவர். துணை நிற்கும் இசையும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில், அரிசில்கிழார் புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டைக் காட்டுகிறார். வேப்பிலை செருகி, வெண்கடுகு சிதறி, யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி அவன் புண்ணைக் காக்கிறார்கள். இந்தக் காட்சியை அப்படியே ஒரு பாணர் பாத்திரத்தின் குணமாக்கும் திறனாக எழுதிக்கொள்ளலாம்.

‘சப்போர்ட் கிளாஸ்’ என்பதற்கு ‘துணைப் பாத்திரம்’ போதும். ‘ஆதரவு வகுப்பு’ பள்ளிக்கூடத்தை நினைவூட்டுகிறது. பாத்திரம் பெண்ணாக இருந்தால் ‘பாடினி’ என்று எழுதலாம். அதுவும் சங்கச் சொல்தான்.