நினைவகக் கசிவு அல்ல, நினைவகத் தேக்கம்

பைத்தான் நிரல்மொழிப் பாடக் குறிப்புகளில் 'மெமரி லீக்' என்பதற்கு 'நினைவகக் கசிவு' என்றே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பெயர்த்ததன் விளைவு இது.

மெமரி லத்தீன் 'மெமோரியா'வின் வழி வந்தது. 1945-இல் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் எட்வாக் கணினி பற்றிய அறிக்கையில் இச்சொல்லை ஆண்டார். நினைவு + அகம் = நினைவகம். நல்ல சொல், அதில் குறையில்லை. சிக்கலெல்லாம் கசிவில்தான்.

தமிழில் கசிவது என்றால் உள்ளே இருப்பது வெளியே போவது. எரிவாயு கசியும், வினாத்தாள் கசியும். 'தகவல் கசிவு' என்று தினமும் செய்தியில் படிக்கிற மாணவர், நினைவகக் கசிவு என்றதும் உள்ளே இருந்த தரவு யார் கைக்கோ போய்விட்டது என்றுதான் எண்ணுவார். நடப்பது நேர்மாறு. நிரல் வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இடம் குறைந்துகொண்டே போவதை வைத்து ஆங்கிலத்தில் லீக் என்றார்கள், சரி. அந்தக் கோணம் கசிவு என்ற சொல்லில் நமக்குக் கிடைப்பதில்லை. 'நினைவக இழப்பு' என்பது இன்னும் மோசம், மறதி நோய் போல ஒலிக்கிறது.

பைத்தானில் ஓர் ஆப்ஜெக்டை (நினைவகத்தில் இடம் பிடிக்கும் தரவுப் பொருளை) சுட்டுவது எதுவும் இல்லை என்றானதும் அதன் இடம் விடுபடும். வருகிற விடைகளையெல்லாம், பெயரிட்டுத் தரவைச் சேர்த்து வைக்கும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டுக்கொண்டே போய் எதையும் நீக்காவிட்டால், அத்தனையும் அங்கேயே தேங்கும். அதனால் நான் 'நினைவகத் தேக்கம்' என்கிறேன். 'எந்த வரியில் தேங்குகிறது?' என்று வினையாகவும் கேட்கலாம்.

அளக்கும்போதும் இச்சொல்தான் பொருந்துகிறது. பத்து லட்சம் எழுத்துள்ள சரம் (எழுத்துத் தொடர்) ஒன்றை மட்டும் கொண்டு ஒரு லிஸ்டை (பட்டியலை) உருவாக்கி, அளவு சொல்லும் 'கெட்சைஸ்ஆஃப்' செயற்கூற்றைக் கேட்டால், இன்றைய 64-பிட் பைத்தான் வெறும் 64 பைட் என்று சொல்லும். அது லிஸ்டின் உடம்பை மட்டும் அளக்கிறது, உள்ளே சுட்டப்படும் சரத்தை அல்ல. தேக்கத்தைக் காட்டுவது பைத்தான் 3.4 பதிப்பில் வந்த 'ட்ரேஸ்மேலாக்' என்ற கருவி. இரண்டு நேரத்தில் நினைவகத்தின் நிலையைப் படமெடுத்து ஒப்பிட்டால், எந்த வரியில் வாங்கிய இடம் இன்னும் திரும்பவில்லை என்று தெரியும்.

'கார்பேஜ் கலெக்‌ஷன்' குப்பை சேகரிப்பானதும் இதே கதைதான். சேகரிப்பது என்றால் சேர்த்து வைப்பது. பைத்தானோ ஒன்றையொன்று வட்டமாகச் சுட்டிக்கொண்டு கிடப்பவற்றைத் தேடிப்பிடித்து இடத்தை விடுவிக்கிறது. அது குப்பை அகற்றல். மொழிபெயர்ப்பவர்கள் அப்படி வட்டமாகச் சுட்டும் நிரல் ஒன்றை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும், சேகரிப்பு என்று எழுதியிருக்க மாட்டார்கள்.