வீடு மாறுகிறீர்களா? பூனையை முதலில் ஓர் அறையில் பூட்டுங்கள்

பள்ளிக்கூடம் திறப்பதற்குள், ஆடி பிறப்பதற்குள் என்று ஊரே வீடு மாறும் மாதங்கள் எங்கள் கிளினிக்குக்குத் தனி சீசன். கதவிடுக்கில் வால் நசுங்கியது, புது ஃப்ளாட்டின் பால்கனியிலிருந்து விழுந்தது, சாமான் ஏற்றும் சந்தடியில் ஓடிப்போனது எல்லாம் வருஷா வருஷம் வருவதுதான். இந்த முறை எழுத வைத்தது வேறு. காலி செய்த வீட்டின் பின்கட்டில் கிடந்த பெண் பூனையைப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு துணிப்பையில் தூக்கி வந்தார். முதுகுத் தோலை இழுத்து விட்டால் அப்படியே நின்றது. அவ்வளவு வறட்சி. கழுத்தில் மணி கட்டிய பட்டை மட்டும் புதுசு போல இருந்தது. வளர்த்தவர்களைப் போனில் பிடித்தேன். கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது: "பூனை வீட்டோடதானே டாக்டர் ஒட்டும், ஆளோட ஒட்டாதே. அதான் விட்டுட்டு வந்தோம்."

இதை எத்தனை பேர் வாயால்தான் கேட்பது! அதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. கன்னத்தை நிலைக்கதவில், சோபா முனையில், உங்கள் கணுக்காலில் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையை வைத்துத்தான் பூனை 'இது என் இடம்' என்று தெரிந்துகொள்கிறது. அந்த வாசனை இல்லாத இடத்தில் அது மிரளும். சரி. அதனால் புது வீட்டில் அதற்குக் கூடுதல் அவகாசம் கொடுங்கள் என்று சொன்னால் நியாயம். பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று எப்படி ஆகும்? சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் நீங்கள்தான் லாரியில் ஏற்றிவிட்டீர்களே. அது தேய்த்து வைத்த சோபாவும் லாரியில்தான் போகிறது. மிச்சம் இருப்பது பூட்டிய கதவும் நாலு சுவரும்.

"எலி பிடிச்சுப் பொழச்சுக்கும்" என்பது அடுத்த சமாதானம். ஓடுவதைத் துரத்தும் சுபாவம் எல்லாப் பூனைக்கும் உண்டு. பிடித்து, கொன்று, தின்று வயிறு நிரப்புவதைப் பெரும்பாலும் குட்டியில் தாயிடம்தான் பழகும். பாக்கெட் தீனியும் மீன் சோறும் தின்று வளர்ந்தது எங்கே போய்ப் பழகும்? போதாததற்குத் தெருவில் இருக்கும் கடுவன்கள் அதைச் சும்மா விடுவதில்லை. கொழுகொழுவென்று வளர்த்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி மஞ்சள் காமாலை வந்துவிடும். அதன் பிறகு குழாய் வைத்து ஊட்டினாலும் எல்லாம் மீள்வதில்லை.

ஆளோடு ஒட்டாதாம். கூட்டிப் போய்ப் பாருங்கள், கொஞ்ச நாளில் உங்கள் தலையணையில் பாதி அதற்குத்தான். அப்புறம், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்களிடம் ஒரே கேள்வி: அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டீர்களா? செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் வாடகை வீட்டு ஓனரோடு முதலிலேயே பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குவதுதான் நிம்மதி.

இனி வேலையைப் பார்ப்போம். பூனைக்கூடையை ஒரு வாரம் முன்பே எடுத்துத் திறந்து வையுங்கள், சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். சாக்கு வேண்டாம். மடியில் வைத்து ஆட்டோவில் போவது வேண்டவே வேண்டாம். லாரி வரும் நாளில் பூனையையும் அதன் மணல் தட்டையும் ஓர் அறையில் விட்டுப் பூட்டி, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கதவில் காகிதம் ஒட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், கட்டில் தூக்கும் அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். எல்லாச் சாமானும் போன பிறகு, கடைசியாகப் பூனை உங்களோடு வரட்டும்.

வழியில் தூங்கட்டும் என்று வீட்டில் இருக்கும் அரிப்பு மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ உடைத்துக் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். அந்த வெயிலில் உடம்புச் சூட்டைத் தணிக்கவும் அதற்குத் தெம்பு இருக்காது. பயந்த சுபாவம் என்றால் முன்கூட்டியே எங்களிடம் வாருங்கள். பொருத்தமான மருந்து உண்டு, அதையும் ஒரு நாள் வீட்டிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பயணம்.

புது வீட்டில் சாமான் இறங்கும் முன் குனிந்து பாருங்கள். கிச்சன் சிங்குக்கு அடியில், பரண் மூலையில், முன்பு குடியிருந்தவர்கள் வைத்த எலி மருந்துக் கட்டி இருக்கும். பல கட்டிகள் ரத்தத்தை உறைய விடாமல் செய்பவை. தின்ற அன்று நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். கட்டியைத் தின்றதைப் பார்த்தாலோ சந்தேகம் வந்தாலோ அன்றே வாருங்கள், அந்த மருந்தின் அட்டையையும் கொண்டு வாருங்கள். பால்கனிக்கு வலை முதல் நாளே போட்டாக வேண்டும். பால் காய்ச்சும் அன்று புகை, கூட்டம், திறந்த கதவு எல்லாம் இருக்கும். அன்றைக்குப் பூனையையோ நாயையோ அழைத்து வராதீர்கள்.

பூனைக்கு ஓர் அறை போதும். பழைய போர்வையைத் துவைக்காமல் போடுங்கள், அதன் அழுக்குதான் அதற்கு ஆறுதல். நன்றாகச் சாப்பிட்டு, வாலைத் தூக்கி நடந்தால் அடுத்த அறையைத் திறக்கலாம். வெளியே போய்ப் பழகிய பூனையையும் இரண்டு மூன்று வாரம் உள்ளேயே வையுங்கள். தப்பிவிட்டால் ஊரெல்லாம் சுற்றாதீர்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே, காருக்கு அடியிலோ மாடிப்படி இடுக்கிலோ சத்தம் காட்டாமல் ஒடுங்கியிருக்கும். இரவு தெரு அடங்கியதும் டார்ச் அடித்துப் பாருங்கள், கண் மின்னும்.

நாய் பாடு சுலபம், நீங்கள் இருந்தால் போதும் அதற்கு. ஆனால் முதல் சில வாரம் கயிறு இல்லாமல் வாசல் தாண்ட விடாதீர்கள். புதுத் தெருவின் நாய்களுக்கு உங்கள் டாமி யாரென்று தெரியாது. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும். தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் போட்டிருந்தால், அந்த எண்ணோடு பதிவேட்டில் பதிந்த முகவரியை மாற்றுங்கள்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வீடு மாறிய பதற்றத்தில் சிலதுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். தட்டில் போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும், மணல் நனைந்திருக்காது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டிவிட்டு மறுநாள் மாலை தூக்கி வருகிறார்கள். அதற்குள் சிறுநீரகம் திணறி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும். மணல் நனையவில்லை என்றால் சாமான் பிரிப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள், ராத்திரியானாலும் பரவாயில்லை.