கீகோடு: விசையெண்ணா, எழுத்தா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் சனிக்கிழமை நிரல் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “கீ என்றால் சாவிதானே சார், கீபோர்டில் பூட்டு எங்கே இருக்கிறது?”

நியாயமான கேள்வி. லத்தீனில் ‘கிளாவிஸ்’ என்றால் சாவி. இசையில் சுரக் குறிகளுக்கும் ஆர்கன் கட்டைகளுக்கும் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அதே பொருளுள்ள ‘கீ’ என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்து, தட்டச்சுப் பொறி வழியாகக் கணினிக்கு வந்தது. நம் ‘சாவி’தான் கிளாவிஸின் நேர்ப்பிள்ளை, போர்த்துகீசியர் வழியாக வந்தது. மலாயிலும் சாவி வாடைதான்: குன்சி என்றால் சாவி, கீபோர்டு ‘பாப்பான் கெகுன்சி’. தமிழ் மட்டும் பூட்டை விட்டுவிட்டு ‘விசை’ என்றது. துப்பாக்கி விசை, எலிப்பொறி விசை போல, தட்டினால் எங்கோ ஒன்று நடக்கும். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

சரி, ‘கீகோடு’ என்றால்? ஒரு விசைக்கு இயங்குதளம் தரும் எண். எழுத்துக்கு உரிய எண் அல்ல. குழப்பம் முழுக்க இங்கேதான்.

எச் விசையை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் அதை 72 என்கிறது. லினக்ஸ் கருவகம் (கெர்னல்) 35 என்கிறது. பழைய ஐபிஎம் கணினி விசைப்பலகையின் எண் வரிசையை அது பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. மேக்கில் 4. பக்கத்து ஜி விசைக்கு அங்கே 5, அகரவரிசை எல்லாம் கிடையாது! விண்டோஸில் எழுதிய விளையாட்டில் 72 என்று எண்ணையே பதித்துவிட்டு, எண்களை மாற்றாமல் வேறு தளத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? லினக்ஸில் 72 என்பது எண்பலகையின் 8, மேக்கில் ஒலியைக் கூட்டும் விசை. என் முதல் நிரல் இப்படித்தான் மானத்தை வாங்கியது.

இதனால்தான் ‘விசைக்குறியீடு’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு அரைகுறையாகப் படுகிறது. ‘குறியீடு’ என்றதும் எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) நினைவுக்கு வந்துவிடும். ‘விசையெண்’ என்றால் எண் யாருடையது என்பது தெளிவு. விசையிலிருந்து பிறப்பதை ‘உள்ளீட்டு எழுத்து’ எனலாம்.

இந்த வேறுபாடு தமிழருக்கு உடனே புரிய வேண்டும். கோலாலம்பூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, எச் விசையை இருமுறை தட்டுங்கள். திரையில் ‘க்க’ வரும். தட்டல் இரண்டு, ஒருங்குறியில் உருக்கள் மூன்று (க, புள்ளி, க), நடுவில் புள்ளி தானாக விழுந்தது. விசையெண்ணை மட்டும் கேட்கும் நிரலுக்கு இது தெரியவே தெரியாது.

உலாவியில் இரண்டையும் தனித்தனியே கேட்கலாம்: ‘கோட்’ என்ற பண்பு விசையின் இடத்தைச் சொல்லும், ‘கீ’ என்ற பண்பு அது தரும் எழுத்தை. விளையாட்டில் இடப்பக்கம் நகர முதலாவது. பெயர் எழுதும் பெட்டிக்கு இரண்டுமே வேண்டாம், அப்புறம் பெட்டியில் வந்து சேர்ந்த உரையை எடுத்துக்கொண்டால் போதும்.