பழைய துப்பாக்கிக்குப் புது மெருகு போட்டால் விலை கூடுமா?

"அப்பா காலத்து வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. அங்கங்கே கறுப்பு போய் இரும்பு தெரிகிறது. ப்ளூயிங் (இரும்பைக் கறுப்பாக்கும் மெருகு) போட்டுவிட்டால் நல்ல விலைக்குப் போகுமா?" அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளுக்கு விலை மதிப்பிடும் என்னைப் போன்றவர்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. போகாது. பெரும்பாலும் குறையும். சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் மாடலாக இருந்தால் விலை பாதிக்கும் கீழே போவது சாதாரணம்.

கேட்பவர்களுக்கு இது நியாயமாகப் படுவதில்லை. வீட்டைக்கூட வெள்ளையடித்துத்தானே விற்கிறோம் என்பார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தரவரிசையை. பழம்பொருள் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசும்போது வியாபாரிகளும் ஏலக்காரர்களும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். அதில் 'வெரி குட்' என்ற படிக்கு, தொழிற்சாலை போட்ட மெருகு 30 சதவீதத்திலிருந்து பூஜ்யம் வரை இருக்கலாம். ஆமாம், பூஜ்யம். மெருகு முழுக்கப் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்ட துப்பாக்கியும் அங்கே இடம் பிடிக்கும். பாகங்கள் அசலாக, விளிம்புகள் கூர்மையாக, எழுத்துகள் தெளிவாக இருந்தால் சரி. மறுபடி ப்ளூயிங் செய்தது அதற்கும் ஒரு படி கீழே, 'குட்' வரிசையில், லேசாகத் துருக்குழி விழுந்தவற்றோடு சேர்ந்து நிற்கிறது.

காரணம் எளிது. ப்ளூயிங் என்பது மேலே பூசும் பெயின்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பையே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாற்றும் வேலை. படலம் மிக மெல்லியது. அடியில் இருக்கும் குறை எதையும் மறைக்காது. துருக்குழி இருந்தால் அது கறுப்புத் துருக்குழியாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் பட்டறைக்காரர் முதலில் குழிகள் மறையும்வரை பாலிஷ் சக்கரத்தில் பிடிக்கிறார். விலை குறைவது அந்தச் சக்கரத்தில்தான். ப்ளூயிங் தொட்டிக்குப் போவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது.

துணிச் சக்கரம் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே அளவாகத் தேய்க்காது. எண்கோணக் குழலின் கூர்முனைகள் மழுங்கிப்போகும். ஸ்க்ரூ துளைகளின் வாய் கிண்ணம் மாதிரி குழியும். கம்பெனி பெயர், காப்புரிமைத் தேதி, சோதனை முத்திரை எல்லாம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் பாதி அழிந்தும் நிற்கும். ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் நான் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மூன்று இடங்களைத்தான் பார்ப்பேன். தேய்ந்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, எழுத்தைத் திரும்ப வெட்டிக் கொடுக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் பல துப்பாக்கிகளின் விலையைவிட அவர்கள் கூலி அதிகம்.

அப்புறம், எல்லா மெருகும் ஒன்றல்ல. 1873இல் கோல்ட் (Colt) கம்பெனி கொண்டுவந்த சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். குழல் ப்ளூயிங் செய்தது. ஃப்ரேம் அப்படியில்லை. அதை எலும்புக்கரியில் புதைத்துச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகம் மேகமாகப் படியும். 1930களின் நடுப்பகுதி வரை வந்த ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கியில் ட்ரிக்கர் போன்ற சின்ன பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். இன்றைய பட்டறை பெரும்பாலும் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து கொதிக்கும் ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் போட்டு எடுக்கிறது. எல்லாமே ஒரே பளபளக் கறுப்பு. விவரம் தெரிந்தவர் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார்.

டபுள் பேரல் வைத்திருப்பவர்கள் இந்தத் தொட்டியிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் இரண்டு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. கொதிக்கும் காஸ்டிக் அந்த ஈயத்தைத் தின்னும். இடுக்கில் தங்கிய உப்பு பிறகு உள்ளேயே துருவேற்றும். நம் ஊர்க் குடும்பங்களில் தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸோடு வரும் பழைய டபுள் பேரல்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் பழுதுபார்ப்பவருக்கும் ஆயுதச் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விதிவிலக்கே இல்லையா? உண்டு. அமெரிக்க ராணுவம் வாங்கிய சிங்கிள் ஆக்ஷன் ஆர்மிகளில் பலவற்றை 1890களில் திரும்பப் பெற்று, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரையாக வெட்டி, பாகங்களைக் கலந்து, புது மெருகு போட்டுக் கொடுத்தார்கள். 'ஆர்ட்டிலரி' என்ற பெயரில் அவற்றைத் தனியாகவே சேகரிக்கிறார்கள். அங்கே மறுமெருகும் சரித்திரத்தின் ஒரு பகுதி. ஆனால் ராணுவம் செய்தால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மன் மவுசர் 98கே ரைஃபிள்களுக்கும் பின்னர் புதுக் கறுப்பும், கட்டையில் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகும் போட்டார்கள். தொடாத போர்க்கால மவுசரோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகக் குறைவு.

ஏற்கெனவே யாரோ பாழாக்கி வைத்த துப்பாக்கியை, அந்தக் காலத்து முறையிலேயே செய்யும் நல்ல கைகளிடம் கொடுத்தால் விலை ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். இழக்க எதுவும் இல்லாத இடத்தில்தான் அது லாபம். செய்தால், விற்கும்போது சொல்லிவிட வேண்டும். மறைத்து அசல் என்று விற்றால் அது மோசடி. வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல துப்பாக்கிகள் பழுதுக்காகத் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்த குறிப்புகள்கூட அதில் உண்டு. வாங்குபவர் விசாரிப்பார்.

சரி, கையில் இருப்பதை என்ன செய்வது? முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழுப்பேறி அடங்கிப்போன நிறத்தை விட்டுவிடலாம். விரலில் ஒட்டும் சிவப்புத் துரு மட்டும்தான் பகை. அதற்கு எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெல்லத் துடைத்தால் போதும். உப்புக்காகிதம், துரு நீக்கும் திரவம், கடையில் விற்கும் ப்ளூயிங் பாட்டில் எதுவும் வேண்டாம். தோல் உறையில் வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கையில் வியர்வை இருந்தால் தொட்ட இடத்தைத் துடைத்துவிடுங்கள்.

மதிப்பீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் இதற்கு மேல் சுத்தம் செய்ய வேண்டாம். ஸ்க்ரூவைக்கூடத் திருப்பாதீர்கள். பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் ஸ்க்ரூ தலையில் உள்ள காடியைச் சிதைத்துவிட்டால், உள்ளே எதையும் மாற்றாத துப்பாக்கியையும் மாற்றியிருப்பார்களோ என்ற சந்தேகத்தோடுதான் நாங்கள் பிரித்துப் பார்ப்போம்.