கோமார்பிடிட்டி: பேச்சுச் சிரமத்தோடு கூட வருவது

பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்துப்போன இடத்தில் ரிப்போர்ட்டில் ‘கோமார்பிடிட்டி’ என்று எழுதிக் கொடுத்தால், பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். அவ்வளவு பயப்பட வேண்டிய சொல் இல்லை.

லத்தீனில் ‘மார்பஸ்’ என்றால் நோய். ‘கோ’ என்றால் கூட. அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டீன் 1970-ல் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு நோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு அதோடு வேறொன்றும் இருந்தால் அந்த இன்னொன்றுக்கு இந்தப் பெயர். தமிழில் ‘இணைநோய்’. 2020-ல் கொரோனாச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு இது எல்லார் வாயிலும் ஏறிவிட்டது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்தச் சொல் சரி. குழந்தைக்கு? சேலம் அம்மாப்பேட்டையில் நாலரை வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘க’ வராது, ‘த’தான் வரும். காக்காவைக் காட்டி ‘தாத்தா’ என்பான். ஏற்காடு அவனுக்கு ‘ஏத்தாடு’. வீடே சிரிக்கும். “என்ன கண்ணு, இன்னொருக்கா சொல்லு” என்பார் ஆயா. மறுபடியும் புரியவில்லை என்றால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவான். பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பான், இல்லையென்றால் வாயே திறக்க மாட்டான். ‘அடங்காத பிள்ளை’ என்று பெயரும் வாங்கிவிடுவான். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாத தவிப்பை நோய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கூட வருபவை எல்லாம் ஒரே வகையும் இல்லை. நடுக்காதில் நீர் தேங்கிக் காது மந்தமாகியிருந்தால் உச்சரிப்புக் குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே முதலில் காதைப் பார்க்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. நாக்கில் வசம்பு தடவினால் காதில் தேங்கிய நீர் வடியாது. சில பிள்ளைகளுக்கு மொழி வளர்ச்சி பின்தங்கியிருக்கும், சிலருக்குக் கவனம் நிலைக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவதுதான் லேசில் கண்ணில் படாது. பேச்சு தெளிந்துவிட்டது என்று பயிற்சியை நிறுத்திய பிறகு, ஒன்றாம் வகுப்பில்கூடத் தலைகாட்டலாம்.

குழந்தைகள் விஷயத்தில் ‘உடனுள்ள சிரமம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எது எதனால் வந்தது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை, சேர்ந்திருப்பதை மட்டும் சொல்கிறது. அடுத்த முறை பயிற்சிக்குப் போகும்போது எந்த எழுத்து வரவில்லை என்பதோடு, எப்போது கோபம் வருகிறது, யாரிடம் பேச மறுக்கிறான் என்பதையும் சொல்லுங்கள்.