லேசர் பிளாஸ்மாவுக்குள்ள எழுப்புற அலையும் அதில ஓடுற இலத்திரனும்

மாரி தொடங்கேக்க பனையில மின்னல் விழுறதை யாழ்ப்பாணத்தில பாக்காத ஆக்கள் குறைவு. அந்த வெளிச்சக் கோட்டில இருக்கிறது காத்துத்தான், ஆனா அணுக்களில இருந்து இலத்திரன் கழண்டு போன காத்து, அதாவது பிளாஸ்மா. இதையே லாப்பில ஒரு லேசர் துடிப்பாலயும் செய்யலாம், செய்துபோட்டு அதே துடிப்பு அதுக்குள்ளால ஓடேக்க நடக்கிற கூத்து இருக்கே, ஏ.எல் பௌதிகவியல் படிக்கிற பெடியள் கட்டாயம் அறியவேணும்.

அமெரிக்காவில பெர்க்லியில இருக்கிற பெல்லா லேசர் ஒருக்கா அடிச்சா வாறது கிட்டத்தட்ட 40 ஜூல்தான், 40 வாற்று பல்ப் ஒரு செக்கன் எரிஞ்சா முடியிற சக்தி. ஆனா அதை 40 ஃபெம்டோ செக்கன் (ஒரு செக்கனை 1க்குப் பின்னால 15 பூச்சியம் போட்ட பங்காப் பிரிச்சா அதில ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ செக்கன்) அளவுக்குள்ள விடுவினம், அப்ப வலு 1க்குப் பின்னால 15 பூச்சியம் போட்ட வாற்று. இப்பிடி ஒண்டை நேர பெருப்பிக்கப் போனா லேசருக்குள்ள இருக்கிற பளிங்கு எரிஞ்சிடும். துடிப்பை முதல் நேரத்தில இழுத்து நீட்டி, பிறகு பெருப்பிச்சு, கடைசியாத் திரும்ப அமத்தலாம் எண்டு 1985இல காட்டினது டொனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும், 2018 நோபல் பரிசில அவைக்குப் பங்கு கிடைச்சது அதுக்குத்தான்.

இதைக் குவிச்சு வாயுவுக்குள்ள விட்டா துடிப்பின்ர முன் நுனியே இலத்திரனைக் கழட்டிப் போடும், மிச்சத் துடிப்பு போறது பிளாஸ்மாவுக்குள்ளால. செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு 10இன் 18ஆம் அடுக்கு வாற்று அளவுக்குப் போனா இலத்திரன் ஒளிவேகத்தை நெருங்கி ஆடும். சும்மா ஆடினா அது பழைய இடத்துக்கே வரவேணும், ஆனா துடிப்பு நடுவில பலமாயும் ஓரத்தில பலம் குறைஞ்சும் இருக்கிறதால போகேக்க விழுற உதையும் வரேக்க விழுற உதையும் சமனில்லை, மொத்தத்தில ஒளி பலமான இடத்தில இருந்து இலத்திரன் வெளிய தள்ளுப்படும். புரோத்தன் 1836 மடங்கு பாரம், அந்த நேரத்துக்குள்ள அது அசையாது எண்டே சொல்லலாம். அப்ப பின்னால நேரேற்றம் மட்டும் மிஞ்சும், அது இழுக்க இலத்திரனெல்லாம் திரும்பி ஓடிவந்து, வந்த வேகத்தில இடத்தைத் தாண்டிப்போய், திரும்பவும் வரும். குறிகட்டுவானில இருந்து நயினாதீவுக்குப் போற வள்ளத்துக்குப் பின்னால எழும்புற அலை மாதிரி லேசருக்குப் பின்னால ஒரு அலை அதின்ர வேகத்திலயே ஓடும். அந்த அலையில இலத்திரனை ஏத்தி ஓடவிடலாம் எண்டு தஜிமா, டோசன் எண்ட இரண்டு பௌதிகவியலாளர் 1979இலயே எழுதிப்போட்டினம்.

இலத்திரன் மாதிரித் துணிக்கையளை மின்புலத்தால வேகமாக்கிற வழமையான ஆர்முடுக்கிகள் உலோகக் குழாயால செய்தது, மீற்றருக்கு 100 மில்லியன் வோல்ற்று அளவில மின்புலம் வைச்சா உலோகத்தில பொறி பறந்து சுவர் பழுதாப் போயிடும், அதாலதான் ஸ்ரான்ஃபோர்ட்டில கட்டினது 3 கிலோமீற்றருக்கு மேல நீளம். பிளாஸ்மாவுக்கு அந்தப் பயமே இல்லை, இலத்திரன் எல்லாம் ஏற்கனவே கழண்டு உடைஞ்சு போன பொருளை இனி என்னத்தை உடைக்கிறது? அது மீற்றருக்கு 100 பில்லியன் வோல்ற்றும் தாங்கும். எனக்கு இந்த முழு விசயத்திலயும் ஆக வடிவான இடம் இதுதான். பெர்க்லியில 2006இல 3.3 சென்ரிமீற்றருக்குள்ள ஒரு பில்லியன் இலத்திரன் வோல்ற்று (ஒரு வோல்ற்றைக் கடக்கேக்க ஒரு இலத்திரன் எடுக்கிற சக்திதான் ஒரு இலத்திரன் வோல்ற்று) எடுத்தவை, 2019இல 20 சென்ரிமீற்றரில 7.8 பில்லியன்.

அப்ப ஏன் இன்னும் எல்லா இடமும் வரேல்லை? பிளாஸ்மாவுக்குள்ள ஒளித்துடிப்பு வெற்றிடத்தில போறதைவிடக் கொஞ்சம் மெதுவாப் போகும், அலையும் அப்பிடித்தான், வேகம் பிடிச்ச இலத்திரன் அலையை முந்திப் போய் அங்கால வேகம் குறையத் தொடங்கிடும். வாயுவை ஐதாக்கினா முந்திறது பிந்தும், ஆனா அப்ப மின்புலமும் குறையும், தூரமும் கூட வேணும், தூரம் கூடினா லேசர் விரிஞ்சு போகும். 2019இல மின்னிறக்கத்தாலயும் இன்னொரு லேசராலயும் வாயுவுக்குள்ள மெல்லிய வாய்க்கால் ஒண்டு செய்து அதுக்குள்ளால துடிப்பைக் கொண்டு போனது அதுக்காகத்தான். இலத்திரன் எல்லாத்தையும் ஒரே சக்தியில எடுக்கிறதும் லேசுப்பட்ட வேலை இல்லை. பெல்லா செக்கனுக்கு ஒருக்காத்தான் அடிக்கும், உருப்படியான வேலைக்கு ஆயிரக்கணக்கில அடிக்கவேணும், இப்ப லேசர் செய்யிற ஆக்கள் மினைக்கெடுறது அதிலதான்.