மாரி மழையில் நத்தார்ப் பலகாரம்

வேலையில் சேர்ந்த முதல் வருடம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, இரண்டு நாள் இருக்கும்போது, வீட்டில் பிடித்த பயத்தம் உருண்டையை ஒரு பிஸ்கட் ரின் நிறையக் கொண்டுபோய்ப் பணிமனையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் மருத்துவமாது அக்கா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு ரின்னைத் திறந்து காட்டினார். உருண்டைகளின் மேல் வெள்ளையாக, பஞ்சு ஒட்டினது போலப் பூஞ்சணம். கடை கடையாக ஏறி இறங்கி ‘மூடி வையுங்கோ, கையைக் கழுவுங்கோ’ என்று சொல்லித் திரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுப் பலகாரம் அது. அக்கா வேறொருவருக்கும் சொல்லவில்லை. அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “தேங்காய்ப்பூவை ஆர் வறுத்தது? நீதானே? நான் சொல்ல முதலே இறக்கிப்போட்டாய். பிறகு சூட்டோட ரின்னுக்குள்ள போட்டு மூடினாய்.” இரண்டும் உண்மை. பிறகு நான் பார்த்த பழுதான பலகாரங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பிழைகளில் ஒன்றால்தான் பழுதாகியிருந்தன.

மேலைநாடுகளில் நத்தார் என்றால் பனியும் குளிரும். எங்களுக்கு அது மாரி. வன்னிக்கு வருட மழையில் பெரும் பங்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 2018 டிசம்பர் 21, 22 இல் பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ குடும்பங்கள் பாலன் குடில் கட்டவேண்டிய நாளில் பாடசாலை மண்டபங்களில் பாய் விரித்துப் படுத்தன. அப்படி வெள்ளம் வராத வருடத்திலும் போத்தலில் உப்புக் கசியும், தீப்பெட்டி பற்றாது, முறுக்கு ஒரு மணித்தியாலம் வெளியில் இருந்தால் துணி மாதிரி ஆகிவிடும். இந்தக் காற்றுக்குள்தான் நாம் பலகாரம் சுட்டு, பொதி கட்டி, பத்து வீட்டுக்கு அனுப்புகிறோம்.

ஒரு பண்டம் பழுதாக அதற்குள் கிருமி பாவிக்கக்கூடிய தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருந்தும் அதைச் சீனி பிடித்து வைத்திருந்தால் கிருமிக்கு அது கிடைக்காது. ஜாம் பழுதாகாததும், தேன் வருடக்கணக்கில் கிடப்பதும் அதனால்தான். எங்கள் அம்மம்மாமாருக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. மாவை வறுத்தார்கள், தேங்காயை வறுத்தார்கள், பாகைக் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சினார்கள், மிச்சத்தை எண்ணெயில் போட்டுப் பொரித்தார்கள். எல்லாமே தண்ணீரை வெளியே துரத்தும் வழிகள். நத்தார், வருடப் பிறப்பு, தைப்பொங்கல் மூன்றுக்கும் ஒரே முறையாகச் சுட்டுப் பானைக்குள் வைத்த காலம் அது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பட்டரைக் கண்ணால் காணக் கிடைக்காதபோதும் நத்தார் நடந்தது இந்தப் பலகாரங்களால்தான்.

அன்பளிப்புக்கு எதைச் செய்யலாம் என்று யாராவது கேட்டால் என் முதல் பதில் இன்றைக்கும் பயத்தம் உருண்டைதான். எங்கள் வீட்டு அளவு இது: பயறு அரைக்கிலோ, வறுத்த சிவப்பரிசி மா கால் கிலோ, சீனி அரைக்கிலோ, ஒரு தேங்காய், மிளகும் நற்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, கொஞ்சம் ஏலம். பயறை வாசம் வர வறுத்து, கோது நீக்கி, மாவாக்க வேண்டும். தேங்காய்ப்பூவில்தான் கவனம். வெள்ளை நிறம் மாறியதும் இறக்கிவிடக் கூடாது. பொன்னிறம் தாண்டி, விரலால் நசித்தால் மொறுமொறு என்று உடையும்வரை சிறு நெருப்பில் கிளற வேண்டும். அதற்கு இருபது நிமிடமும் ஆகலாம், கை வலிக்கும், ஆள் மாறிக் கிளறலாம். பாகு தண்ணியாக இருந்தால் உருண்டை பிடிக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சுகம் முழுக்கத் தண்ணீர். பிடித்த உருண்டைகளைச் சுளகில் பரப்பி, மெல்லிய துணி போட்டு, நன்றாக ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் அடிப்பக்கம் வியர்த்து, அந்தத் துளிகள் திரும்ப உருண்டையிலேயே விழும். என் ரின்னுக்குள் நடந்தது அதுதான். உருண்டையை மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்துப் பயத்தம் பணியாரமாக்கினால் இன்னும் பயமில்லை.

சிப்பிப் பலகாரம், கொக்கிஸ், பால்ரொட்டி இவையும் நல்லவை. (கொக்கிஸ் என்ற பெயர் ஒல்லாந்தர் விட்டுப்போனது, நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், அச்சு மட்டும் எங்கள் தாச்சியில் கிடக்கிறது.) இவற்றில் நான் கவனிக்கச் சொல்வது எண்ணெயை. மீன் பொரித்த எண்ணெயின் மேல் புது எண்ணெய் ஊற்றிச் சுட்ட பலகாரம் அன்றைக்கு நல்லாய்த்தான் இருக்கும். நாலைந்து நாளில் காறல் அடிக்கும். வீட்டில் உடனே தின்று முடிக்கிற பலகாரத்தில் ஒருவருக்கும் தெரியாது, ரின்னில் போட்டு அனுப்பும் பலகாரத்தில் வாங்குகிறவர் வீட்டில்தான் தெரியவரும். புது எண்ணெயில் பலகாரம் முதலில், அதே எண்ணெயில் மீன் பிறகு. ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

அடுத்தது ரிச் கேக். அது ஊருக்கு வந்த பண்டம்தான் என்றாலும் மாரிக்கென்றே செய்தது போன்றது. ரவை, பட்டர், சீனி, முட்டை மஞ்சட்கரு, பிளம்ஸ், சுல்தானா, கஜு, இஞ்சிப் பாகு, பூசணிப் பாகு எல்லாம் சேர்ந்து மெதுவான சூட்டில், 150 பாகை அளவில், இரண்டு மணித்தியாலம்போல வேகுவதால் முட்டையைப் பற்றிய பயம் இல்லை. இருக்கும் ஈரத்தைச் சீனியும் உலர்பழமும் பிடித்துக்கொள்கின்றன. வாரக்கணக்கில் வைக்கலாம், வைக்க வைக்க ருசி. வீட்டில் கேக் வேகவைக்கும் அவன் அடுப்பு இல்லாதவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிப் போறணைக்குப் போகும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இடம்பெயர்ந்த நாட்களில் பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டுக் கேக் அவித்த கைகளும் இங்கேதான் இருக்கின்றன. எப்படி அவித்தாலும் ஈர்க்கைக் குத்திப் பார்த்து, நடுவிலும் ஒட்டாமல் வருகிறதா என்று பாருங்கள்.

ரிச் கேக்கில் பழுது வருவது மேலே பூசும் அல்மொண்ட் பேஸ்டால். கஜுவை அரைத்து ஐசிங் சீனியோடு பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பிசைகிறோம். அது வேகுவதே இல்லை. பச்சை முட்டையில் சல்மொனெல்லா இருக்கலாம். வெள்ளைக்கருவுக்குப் பதிலாகக் காய்ச்சி ஆறவிட்ட சீனிப்பாகு விட்டுப் பிசைந்தாலும் பிடிபடும். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான், ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

கிறீம் கேக், கஸ்ரட், கரமல் புடிங், வட்டிலப்பம் இவற்றை மட்டும் அன்பளிப்பாக அனுப்ப வேண்டாம் என்று சொல்லுவேன். வீட்டில் செய்து, பிறிட்ஜில் வைத்து, வந்தவருக்கு எடுத்துப் பரிமாறுங்கள், நல்ல விருந்து. வெளியே எடுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியவேண்டும். மழையில் கரண்ட் போனால் பிறிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணித்தியாலம்போலக் குளிர் நிற்கும், அதற்குமேல் நம்ப வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஒரு முன்பள்ளியின் நத்தார் ஒளி விழா. காலையில் பிள்ளைகள் தேவதை உடுப்போடு பாடினார்கள், பத்து மணிக்குக் கிறீம் வைத்த கேக் கொடுத்தார்கள், ஒரு மணிக்குள் பதினைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் போனபோது ஒரு சின்னத் தேவதை இறகைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. கேக் செய்தவர் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு தாய். முதல்நாள் இரவு கிறீம் அடித்து, பிறிட்ஜில் இடமில்லாமல் மேசையில் மூடி வைத்திருக்கிறார். விரலில் தேங்காய் துருவிய காயம், அதில் பிளாஸ்டர். காயத்திலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி கிறீமில் இரவு முழுக்கப் பெருகி நஞ்சை விட்டுவிடும். பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, மணமும் மாறாது. பெரும்பாலும் ஒரு நாளில் சுகமாகிவிடும், அந்தப் பிள்ளைகளும் சுகமானார்கள். நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புச் சீனித் தூளான ஜீவனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். குடிக்க மறுத்தால், சிறுநீர் போகாமல் இருந்தால், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கையில் காயம் இருக்கிறவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவாமல், மாப் பிசையாமல், பாட்டுப் பாடட்டும்.

கச்சான் (நிலக்கடலை) அல்வா பற்றியும் ஒரு வார்த்தை. முறிகண்டிக் கச்சான் இருக்கும் ஊரில் அதைச் செய்யாமல் விட ஏலாது. ஆனால் மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் சாக்கில் கிடந்த கச்சானில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்து அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிக்கும். வறுத்தாலும் பாகில் போட்டாலும் முழுதாக அழியாது. சுருங்கினது, நிறம் மாறினது, கைப்பானது எல்லாவற்றையும் சுளகில் போட்டு முதலே பொறுக்கி எறியுங்கள். கைக்கிற ஒரு கச்சானை ‘பரவாயில்லை’ என்று விழுங்கிவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அதைத் துப்பலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முழுக் கச்சான் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அதேபோல வன்னிக் காட்டுத் தேன் போத்தலை அன்பளிப்பாகக் கொடுக்கிறீர்களா, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதில் ஒரு துளிகூட நாக்கில் தடவக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் முளைத்துவிடும்.

வெள்ளம் வந்துபோன இடமென்றால் கிணற்றுக்குக் குளோரின் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு அரிசி ஊறப்போடுங்கள். குடிக்கவும் பாகு கரைக்கவும் கொதித்த தண்ணீர்.

பொதி கட்டுவதில் எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு, ஸ்ரேப்பிள் பின். செலோபேன் பையை அழகாக மடித்து இரண்டு பின் அடித்துவிடுகிறார்கள். பிள்ளை அவசரமாகக் கிழிக்கும்போது பின் பலகாரத்துக்குள் விழும். ரிபனால் கட்டுங்கள், அழகும் கூட. அச்சடித்த பத்திரிகைத் தாளில் எண்ணெய்ப் பலகாரத்தை வைத்தால் மை இறங்கும், ரின்னுக்குள் வெள்ளைத் தாளோ வாட்டிய வாழையிலையோ போதும். மூடியில் செய்த திகதியை எழுதுங்கள். கேக்கில் பிராண்டி விட்டிருந்தால், கஜு போட்டிருந்தால், அதையும் எழுதுங்கள். முஸ்லிம் நண்பர் வீட்டுக்குப் போகும் கேக்கைப் பற்றி அவர் சங்கடப்பட்டுக் கேட்கும் நிலையை ஏன் வைக்க வேண்டும்?

சைவ அயலவருக்கும் இது பொருந்தும். சில வருடங்களில் திருவெம்பாவையும் நத்தாரும் சேர்ந்தே வரும். போன முறை அப்படி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு முட்டையில்லாத பயத்தம் உருண்டை கொண்டுபோனேன். குளித்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போக நின்றவர் ரின்னை வாங்கி மணந்து பார்த்தார்.

“விரதம் முடிய இன்னும் ஒன்பது நாள் கிடக்குத் தம்பி. அதுவரைக்கும் இது கிடக்குமே?”

“கிடக்கும் பெரியம்மா. இந்தமுறை தேங்காய்ப்பூ அம்மா வறுத்தவா.”